ஸ்ராங்கு சூசையின் ரத்தம் சொன்னதும் சொல்லாததும்

உங்கள் துறைத் தலைவர் போனில் கேட்டது இதுதான்: புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஊக்கம் தருகிற மாதிரி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். ஊக்கம் என்னிடம் கைவசம் இல்லை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது; கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்ததும் பென்ஷன் பேப்பருக்கு அலைந்ததில் தீர்ந்துபோயிற்று. தப்பு ஒன்று இருக்கிறது. என் சொந்தத் தப்பு, யாரும் பங்குக்கு வர முடியாது. அதைத் தருகிறேன்.

முப்பத்தொரு வருஷம் ஆய்வகத்தில் இருந்தவள் நான். சொந்த ஊர் நாசரேத்துப் பக்கம். வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, அத்தான் எல்லாரும் வாத்தியார்கள். அதிலிருந்து தப்பித்துத்தான் லேபுக்கு வந்தேன். வந்தும் பிரயோஜனமில்லை. கண்ணாடியையும் காட்டன் சேலையையும் பார்த்துவிட்டு, ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். பிப்பெட்டை எப்படிப் பிடிப்பது, ட்யூபுக்கு எப்படிப் பேர் எழுதுவது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தூத்துக்குடியில் எங்கள் ஆய்வகம் தூக்கத்தை ஆராயத் தொடங்கியதற்குக் காரணம் எங்கள் பேராசிரியர். அவர் சரியாகத் தூங்கமாட்டார். மற்றவர்கள் தூங்குவதும் அவருக்குப் பிடிக்காது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நல்ல மூளை. துறைமுகத்திலும் கடலிலும் நேரங்கெட்ட நேரத்தில் வேலை செய்கிறவர்கள் இத்தனை பேர் நம் வாசலிலேயே இருக்கிறார்களே, தூக்கம் கெட்டவர்களின் ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ எப்படி மாறுகிறது என்று நாம் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

உங்களில் வேறு பிரிவிலிருந்து வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. செல்லுக்குள் ஜீன் ஓர் உத்தரவு போடும். அதை நகலெடுத்துக்கொண்டு போவது நீளமான ஆர்என்ஏ. அந்த நகலைப் பார்த்துப் புரதம் தயாராகும். நடுவில் இருபத்திரண்டு எழுத்து நீளமுள்ள, மைக்ரோ ஆர்என்ஏ என்கிற ஒரு குட்டி ஆர்என்ஏ வந்து அந்த நகலின் மேல் ஒட்டிக்கொண்டு, இப்போது வேண்டாம் என்று நிறுத்தி வைக்கும். எல்லா அலுவலகத்திலும் ஒருத்தர் இருப்பார். அவர் உத்தரவும் போடமாட்டார், வேலையும் செய்யமாட்டார், ஆனால் அவர் மேஜையைத் தாண்டி ஒரு ஃபைலும் போகாது. அவரேதான் இது. எப்போது தூங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்று நமக்குள் ஓடுகிற கடிகாரத்தின் ஃபைல்களும் அவர் மேஜை வழியாகத்தான் போகின்றன. இந்தக் குட்டி ஆர்என்ஏக்கள் ரத்தத்திலும் மிதக்கும். தூக்கக் கோளாறு உள்ளவர்களின் ரத்தத்தில் இவற்றில் சில கூடுகின்றன, சில குறைகின்றன என்று பல இடங்களில் பார்த்திருந்தார்கள். ஓரிடத்தில் கூடியது இன்னோரிடத்தில் குறைந்திருந்தது என்பதையும் பார்த்திருந்தார்கள். இரண்டாவது விஷயத்தை நாங்கள் சத்தமாகப் பேசவில்லை.

திட்டம் எளிமையானது. தூக்கம் கெட்டவர்களுக்கு வடக்கே கீழவைப்பார். மீன்பிடிக்கப் போகிறவர்கள், துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டுகிறவர்கள். நன்றாகத் தூங்குகிறவர்களுக்குத் தெற்கே கொற்கை, வாழைத்தோட்டக்காரர்கள். இரண்டு ஊரிலும் ரத்தம் எடுத்து, சில்லென்று வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொண்டுவந்து, சிவப்பணுக்களைக் கீழே தள்ளி மேலே நிற்கும் பிளாஸ்மாவை எடுக்க வேண்டும். சில்லென்று வைக்க ஜெல் பேக் வேண்டும். எங்களிடம் ஒரு செட்டுக்குத்தான் இருந்தது. அதைக் கொற்கைக்குக் கொடுத்துவிட்டேன். கீழவைப்பாருக்கு என்ன செய்வது என்று ரத்தம் எடுக்கிற எங்கள் நர்ஸ் சிஸ்டர் கேட்டபோது நான் சிரித்தேன். மீன் இறங்குகிற கரைக்கு யாராவது ஐஸ் கொண்டுபோவார்களா, பெட்டியை மட்டும் கொண்டுபோங்கள், அங்கே எங்கே பார்த்தாலும் ஐஸ்தானே என்றேன். வெளியூர்க்காரி யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். இரண்டு செட்டும் இங்கிருந்தே தூக்கிக்கொண்டு போயிருப்பாள்.

கீழவைப்பாரிலிருந்து வந்த பெட்டிகள் அருமையாக இருந்தன. இரண்டு மணி நேரம் வெயிலில் வந்தும் ஐஸ் அப்படியே நின்றது. பதிவேட்டில் 'மிக நல்ல குளிர்ச்சி' என்று என் கைப்பட எழுதி, கீழே கோடும் போட்டேன். அந்தப் பக்கம் இன்னும் லேபில் இருக்கும். வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். சிவப்பாக இருந்தால் உள்ளே சிவப்பணு உடைந்திருக்கிறது என்று அர்த்தம், தூக்கிப் போட்டுவிடுவோம். கீழவைப்பார் பிளாஸ்மா சிவப்பு இல்லை. வைக்கோலில் லேசாகச் சிவப்பு தொட்டுவைத்த மாதிரி இருந்தது. சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பரவாயில்லை, மெஷினில் ஓட்டுங்கள் என்றேன். அவர் ஓட்டினார்.

முடிவு வந்தது. இரண்டு குட்டி ஆர்என்ஏக்கள் கீழவைப்பார்க்காரர்களிடம் எகிறிக்கொண்டு நின்றன, கொற்கையில் தரையோடு கிடந்தன. வரைபடத்தில் நடுவே ஒரு புள்ளிகூடக் கலக்கவில்லை. பேராசிரியர் அன்றைக்கு லேப் முழுவதற்கும் வடை வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு ஆர்என்ஏக்களும் சிவப்பணுவுக்குள் குவிந்து கிடப்பவை என்பது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். வடை தின்னும்போது அது நினைவுக்கு வரவில்லை.

எல்லாரையும்விட உயரத்தில் ஒரு புள்ளி நின்றது. அதன் எண்ணுக்குரியவர் சூசை. லாஞ்ச் ஸ்ராங்கு, அதாவது லாஞ்சை ஓட்டுகிறவர். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு, அவற்றைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டி அழைத்து வரும் பைலட்டுகளைக் கொண்டுபோய் விடும் லாஞ்ச் அவர் கையில். ஓர் ஒப்பந்தக் கம்பெனியில் வேலை. அவர் மனைவி அமலி கீழவைப்பார் கரையில் மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு லோடு அனுப்புகிறவர். எங்கள் பெட்டிக்கு ஐஸ் போட்டுக் கொடுத்ததும் அமலிதான், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். எங்களுக்கு அந்த ஊரில் முதலில் ரத்தம் கொடுத்தவர் சூசை. ஊசிக்குப் பயந்த மற்றவர்களைத் தோளில் கைபோட்டு அழைத்து வந்தவரும் அவர்தான்.

கணக்கெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் காலை பதினொரு மணிக்குச் சூசையும் அமலியும் லேப் வாசலில் வந்து நின்றார்கள். சூசை சலவைச் சட்டை போட்டிருந்தார். அமலி கையில் ஒரு கவர்.

விஷயம் இது. முந்தின வாரம் லாஞ்சைத் திருப்பிக்கொண்டு வரும்போது சூசை கண் அயர்ந்துவிட்டார். லாஞ்ச் படகுத்துறைச் சுவரில் உரசியது. உள்ளே இருந்த பைலட்டுக்கு முழங்காலில் அடி. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கம்பெனி கொடுத்த கடிதத்தில், சம்பவ நேரத்தில் குடிபோதையில் இருந்ததாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தது. ஊதச் சொல்லிப் பார்க்கவில்லை; மெஷின் ரிப்பேராம். அன்றிலிருந்து சஸ்பென்ஷன்; அவர்கள் லேபுக்கு வந்ததற்கு மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை.

சூசையின் அப்பா குடித்தே செத்தவர். சூசை பதினாறு வயதில் கோயிலில் சத்தியம் செய்தவர், அதற்குப் பிறகு தொட்டதில்லை. கல்யாண வீட்டில்கூடக் கலர் குடிப்பார் என்று ஊரே அவரைக் கேலி செய்யும். இப்போது அதே ஊர் வேறு மாதிரி பேசத் தொடங்கியிருந்தது. அப்பன் ரத்தம்தானே என்று ஒருவன் அவர் காதுபடவே சொன்னானாம்.

"வேலை போனா வள்ளம் இருக்கு டீச்சர், கடலுக்குப் போயிருவேன்" என்றார் சூசை. "குடிகாரன்னு எழுதிட்டானுவன்னா, பிள்ளைய மொகத்த நான் எப்படிப் பாப்பேன்? எனக்கு என்னமோ தூக்க வியாதி இருக்கு. நீங்க எங்கிட்ட ரத்தம் எடுத்தீங்கள்லா, அதுல தெரிஞ்சிருக்கும். ஒரு லெட்டர் தாங்க."

நாங்கள் லெட்டர் கொடுக்கக் கூடாது. அது ஆராய்ச்சி, வைத்தியம் இல்லை. தனிப்பட்ட முடிவைச் சொல்லமாட்டோம் என்று அவரிடம் கையெழுத்து வாங்கிய படிவத்திலேயே இருக்கிறது. ஆனால் பேராசிரியர் இளகிப்போனார். சூசையின் எண்ணைத் தேடி எடுத்துக் கணினியில் அந்தப் புள்ளியைக் காட்டினார். இவருக்கு இல்லாமல் வேறு யாருக்குத் தூக்க வியாதி, இதைவிடத் தெளிவாக ரத்தம் பேசுமா என்று என்னிடம் கேட்டார். நானும் மண்டையை ஆட்டினேன். லெட்டரை என்னையே அடிக்கச் சொன்னார். அடித்தேன். 'மேற்படி நபரின் ரத்தத்தில் தூக்கக் கோளாறுக்குரிய மூலக்கூறு மாற்றங்கள் மிகத் தெளிவாகக் காணப்படுகின்றன.' பேராசிரியரும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்.

நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அமலி மேஜையோரம் இருந்த கொற்கைப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜெல் பேக்கை எடுத்து அமுக்கிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"இதையா வச்சு அனுப்புதீங்க? இது எம்புட்டு நேரம் தாங்கும்?" என்றார். "நாங்கன்னா வெளியூர் லோடுக்கு ஐஸ்ல ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டுத்தான் அனுப்புவோம், கல்லு மாதிரி நிக்கும். ஒங்க பெட்டிக்கு நாலு கை போட்டேன். மனுச ரத்தம்லா, கெட்டுறப்படாதுன்னு. எங்க வீட்டுக்காரவ குழாய அடியில நல்லா பொதச்சு வச்சேன்."

பேனா கிடைத்துவிட்டது. நான் அதைத் திறக்கவில்லை.

ஐஸில் உப்பு போட்டால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். மீனுக்கு அது நல்லது. ரத்தம் அதில் ஓரமாக உறையும், சிவப்பணு வெடிக்கும், உள்ளே இருப்பதெல்லாம் பிளாஸ்மாவில் கொட்டும். அடியில் புதைத்த ட்யூபில் அதிகமாகக் கொட்டும். சூசை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயந்தரம் போன் பண்ணுகிறேன், ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். அமலி போகும்போது எனக்குக் கருவாடு வைத்துவிட்டுப் போனார்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் கையை நீட்டினேன், சிஸ்டர் இரண்டு ட்யூப் ரத்தம் எடுத்தார். ஒன்றை ஜெல் பேக்கோடு வைத்தோம். கேட்டுக்கு எதிரே ஜூஸ் கடையில் ஐஸும் கேன்டீனில் கல்லுப்பும் வாங்கி, நாலு கை போட்டு, அடியில் இன்னொன்றைப் புதைத்தோம். இரண்டு மணி நேரம். பிறகு வழக்கம்போல எல்லாம். ஜெல் பேக் ட்யூப் வைக்கோல். உப்பு ட்யூப் வைக்கோலில் லேசாகச் சிவப்பு தொட்டுவைத்த மாதிரி. சிஸ்டர் இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை, அவருக்கு அவ்வளவு பெருந்தன்மை உண்டு.

ராத்திரி ஏழரைக்கு மெஷின் முடிவு சொன்னது. என் ரத்தம் ஜெல் பேக்கில் கொற்கைக்காரி. உப்பில் சூசையைத் தாண்டிவிட்டது. நான் ஒன்பதரைக்குப் படுத்தால் அஞ்சரைக்குத்தான் எழுந்திருப்பேன். நடுவில் வீடு இடிந்து விழுந்தாலும் தெரியாது. ஆனால் எங்கள் கண்டுபிடிப்பின்படி தூத்துக்குடி வட்டாரத்திலேயே மோசமான தூக்க வியாதிக்காரி நான்தான்.

பேராசிரியரிடம் காட்டினேன். அவர் இரண்டு எண்ணையும் பேனாவால் வட்டமிட்டார். பழைய முடிவை வைத்து ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பியிருந்தார், டிக்கெட்டும் போட்டாயிற்று. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில், ஆராய்ச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், லெட்டரை மட்டும் இப்போது கொடுத்துவிடலாமே என்றார்.

"அந்த மனுஷன் குடிக்கலைங்கறது உண்மை. நம்ம லெட்டர் அதைத்தானே நிரூபிக்கப்போகுது? யாருக்கும்மா நஷ்டம்?"

பிள்ளைகளே, நான் பெரிய உத்தமி மாதிரி இங்கே எழுத விரும்பவில்லை. எனக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. நல்ல மனுஷன், நிஜமாகவே குற்றமற்றவன், ஒரு கையெழுத்து. உப்பு செய்த வேலை சிஸ்டரையும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். பேனாவைக்கூட மறுபடி எடுத்தேன்.

என்னை நிறுத்தியது அந்தக் கம்பெனியின் கடிதம்தான். மேஜையில் நகல் கிடந்தது. அதை எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று யோசித்தேன். மெஷின் ரிப்பேராம், அதனால் குடிபோதையில் இருந்ததாகத் தெரிகிறது. இப்படி எழுதுகிறவர் கையில் நாம் ஒரு பரிசோதனையைக் கொடுத்தால் என்ன செய்வார்? அடுத்த மாதம் இன்னொரு ஸ்ராங்கு அசந்து போவான். அவனை லேபுக்கு அனுப்புவார். அவன் ரத்தம் ஜெல் பேக்கில் வரும். வியாதி இல்லை என்று வரும். அப்படியானால் குடிதான் என்று எழுதுவார், நம் லெட்டர்ஹெட்டைச் சாட்சிக்கு வைத்து. சூசைக்கு மட்டும் என்ன? வியாதிக்காரன் கையில் லாஞ்சைக் கொடுப்பார்களா? வாழ்நாள் முழுக்கக் கரையில் உட்கார வேண்டியதுதான். ஒருத்தரைக் காப்பாற்றுகிற பொய் முடிவு அவரோடு நிற்காது. இதை நான் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், லெட்டரை இரண்டாகக் கிழித்தார். பிறகு நாலு மாதம் என்னோடு பேசவில்லை. கிழித்தவர் அவர்தான் என்பதையும் சேர்த்தே நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரி ஜெல் பேக் கொடுத்து, இரண்டு ஊர் ட்யூபுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி ஓட்டி, மறுபடி எல்லாரிடமும் ரத்தம் எடுத்தோம். அந்தப் பெரிய வித்தியாசம் காணாமல் போயிற்று. மிஞ்சியது சின்னச் சின்ன ஏற்ற இறக்கம். அதிலும் எது தூக்கத்தால், எது வயதால், எது சாப்பாட்டால் என்று பிரிக்க இன்னும் எத்தனையோ பேர் ரத்தம் வேண்டும். அந்த வேலைதான் இப்போது உங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது. அந்தக் குட்டி ஆர்என்ஏக்களுக்கும் தூக்கத்துக்கும் தொடர்பில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் பெட்டி அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரிக்கு வருகிறேன். அமலிக்கு நான்தான் போன் செய்ய வேண்டும். உப்பு பற்றிச் சொல்லாமல், முடிவு சரியாக வரவில்லை என்று மட்டும் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லாமல் விட்டால் அடுத்த பெட்டிக்கும் போடுவார். சொன்னேன். தப்பு உங்களுடையது இல்லை, ஐஸ் எப்படி வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லவே இல்லை என்றும் சொன்னேன்.

"நல்லா இருக்கணும்னுதான போட்டேன் டீச்சர்" என்றார் அமலி.

எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி முடியாது. பதிவேட்டில் கோடு போட்ட கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அமலி அழவில்லை. வாராவாரம் சிஸ்டரம்மா வாங்கிட்டுப் போனாவளே அந்தத் தாளு, அது எதுக்காவது ஆகுமா என்று கேட்டார்.

ரத்தம் கொடுத்த எல்லாருக்கும் தூக்கக் குறிப்பு எழுத அச்சடித்த தாள் கொடுத்திருந்தோம். எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது எழுந்தார், டீ காபி குடித்தாரா என்று கட்டம் கட்டமாக. பலபேர் இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். சூசைக்காக அமலி எழுதினார், நிறுத்தவே இல்லை. சிஸ்டர் வாராவாரம் போய்த் தாளை வாங்கி, தேதி முத்திரை குத்தி, நேரமும் எழுதி, அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அதைத் திறக்கவில்லை. எங்களிடம்தான் ரத்தம் இருந்ததே.

அலமாரியைத் திறந்து நின்றபடியே படித்தேன். 'ஆறு மணிக்கு வந்தாவ. குளிச்சாவ. படுத்தாவ. ஏழரைக்குப் போன் வந்தது. போனாவ.' அடுத்த நாள்: 'வரவில்லை. லாஞ்சிலேயே இருக்காவளாம்.' அடுத்த நாள்: 'சாப்பிடும்போதே தூங்கிட்டாவ. எழுப்பவில்லை. போன் எழுப்பிட்டு.' விபத்துக்கு முந்தின நாலு நாளில் அந்த மனிதர் வீட்டில் கண்ணை மூடியது மொத்தம் பதினோரு மணி நேரம். அதற்குக் கீழே கடைசி வரி ஒன்று இருந்தது. அதைப் படித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

தாளை வெளியே கொடுக்கச் சூசை சம்மதிக்க வேண்டும். அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. கம்பெனியின் ஓய்வுப் பதிவேட்டில், போதுமான ஓய்வு எடுத்தேன் என்று தினமும் கையெழுத்துப் போட்டவர் அவர். எல்லாரும் போடுவார்கள், போடாதவனுக்கு அடுத்த மாதம் லாஞ்ச் கிடையாது. இந்தத் தாளைக் காட்டினால் அவர் போட்டது பொய்க் கையெழுத்து என்று ஆகும். மறுநாள் காலை கம்பெனி வாசலில் நின்று இதை அவரிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் கடலைப் பார்த்தார்.

"கையெழுத்து நான் போட்டதுதான். கேட்டா ஒத்துக்கிடுதேன். குடிச்சேன்னு மட்டும் ஒத்துக்கிடமாட்டேன். குடுங்க டீச்சர்" என்றார்.

விசாரணை அறையில் மேலாளர் ஒருவர், எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா, நாங்கள் மூன்று பேர். தூக்க ஆராய்ச்சி லேபிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவருக்குத் தூக்க வியாதி இருக்கிறதா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் இல்லையா என்றார். அதுவும் தெரியாது என்றேன். ரத்தம் எடுத்தீர்களாமே, அது என்ன சொன்னது என்றார். எங்கள் தவறால் அந்த ரத்தம் கெட்டுப்போனது, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றேன். குமாஸ்தா மூன்றையும் எழுதினார். பிறகு எதற்கு வந்தீர்கள் என்று மேலாளர் கேட்டார். நான் தாள்களை மேஜையில் வைத்தேன்.

அவர் முதலில் முத்திரைகளைப் பார்த்தார். கெட்டிக்காரர், ஜோடித்ததோ என்று பார்க்கிறார். கடைசித் தாளை சிஸ்டர் வாங்கியது விபத்தன்று காலை ஏழு மணிக்கு. லாஞ்ச் உரசியது எட்டே காலுக்கு. பிறகு படிக்கத் தொடங்கினார். மனதுக்குள் படித்தவர் கடைசி வரியை எப்படியோ வாய்விட்டுப் படித்துவிட்டார்.

"'போகாண்டாம்னு சொன்னேன். ஆள் இல்லியாம். நாலு மணிக்குப் போனாவ.'"

யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றார் அமலி. போன் செய்து வரச் சொன்னது யார் என்று மேலாளர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்போல. ஓய்வுப் பதிவேட்டைப் பற்றியும் கேட்கவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கினார். கடிதத்தை எடுத்து, குடிபோதை என்ற இடத்தை அடித்துவிட்டு, தொடர்ச்சியான வேலையால் ஏற்பட்ட களைப்பு என்று மேலே எழுதி, கையெழுத்துப் போட்டுச் சூசையிடம் நீட்டினார். சூசை அதை வாங்கி, அடித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு தடவை படித்தார். அமலியிடம் கொடுத்தார். அவரும் படித்தார்.

மேலாளருக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். குரலே மாறிவிட்டது. சரி சூசை, நடந்தது நடந்துபோச்சு, சஸ்பென்ஷன் இன்றோடு ரத்து என்றார். பிறகு சுவரிலிருந்த டியூட்டிப் பட்டியலைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு ரெண்டு மணி லாஞ்சுக்கு ஆள் இல்ல. நீங்களே வந்துருங்களேன்."

சூசை வாயைத் திறந்தார். அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். இருபது வருஷமாக அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

"அவிய வரமாட்டாவ சார்" என்றார் அமலி. "இன்னைக்குத் தூங்குவாவ."

இதையும் எழுத வேண்டுமா என்று குமாஸ்தா பேனாவைப் பிடித்தபடி மேலாளரைப் பார்த்தார். எழுதிக்கொள்ளுங்கள் என்றார் மேலாளர்.